இளநிலை நர்சிங் பிள்ளைகளுக்குக் கேன்சர் பாடம்: எங்கே ஆரம்பிப்பது?

பிப்ரவரி 10 – வந்த கேள்வி

அக்கா, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். இந்த வருடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கேன்சர் பகுதியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் இருப்பது ஒரே வாரம். பழைய குறிப்பில் கீமோ மருந்துகளை வகை பிரித்து நீளமாக ஒரு பட்டியல், அதன் பின்னால் பக்கவிளைவுகளுக்கு இன்னொரு பட்டியல், அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர், "இது மேற்படிப்புச் சமாச்சாரம், ஆன்காலஜி (கேன்சர் மருத்துவம்) டிப்ளமா படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், நீ தொட்டுக் காட்டிவிட்டுப் போ" என்கிறார். பாதி சரி என்றுகூடத் தோன்றுகிறது. வார்டுக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் மிரண்டுவிடுகிறார்கள். போன வருடம் ஒருத்தி படிப்பையே விடுகிறேன் என்று நின்றாள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பிப்ரவரி 10, இரவு – என் பதில்

பட்டியலைத் தூக்கி ஓரமாக வை. ஒப்பிக்க வைத்தால் பரீட்சைக்கு மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. திருநெல்வேலியில் படித்த காலத்தில் நானும் ஆல்கைலேட்டிங் ஏஜென்ட் (கீமோ மருந்தில் ஒரு வகை) என்று அழகாக எழுதி மார்க் வாங்கியவள்தான்.

மேற்படிப்புச் சமாச்சாரம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தப் பிள்ளைகள் நாலு வருடம் முடித்து பதிவுபெற்ற நர்ஸுக்கான மெரூன் தோள்பட்டைப் பட்டை மாட்டியதும் ஒரு வருடம் கட்டாய சமூக சேவை, நர்ஸ்களுக்கு 2008இலிருந்து உண்டு. ஜோசினி பக்கமோ நோங்கோமா பக்கமோ ஏதாவது ஒரு கிராமத்துக் கிளினிக்கில் போடுவார்கள். அங்கே ஆன்காலஜி டிப்ளமாக்காரர் யார் உட்கார்ந்திருக்கிறார்? மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி ரத்தம் படுகிறது என்று ஒரு அம்மா வந்தால், அவரை முதலில் பார்ப்பது இந்தச் சின்னப் பெண்தான். அவள் ஸ்பெகுலம் (கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு ஒரு கதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் வேறு கதி. நம் வார்டு சார்ட்டில் மூன்றாம் கட்டம் என்று எழுதுகிறோமே, அதற்கு முன்னால் போன மாதங்கள் பலவும் கிளினிக் பெஞ்சில் போனவை.

அதனால் நான் கிளினிக்கில் ஆரம்பிக்கிறேன். கட்டி, ஆறாத புண், ரத்தப்போக்கு, காரணம் தெரியாத எடைக் குறைவு. இவற்றோடு வருகிறவரை எங்கே அனுப்புவது, எந்த வார்த்தையில் கடிதம் எழுதுவது, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று யார் பின்தொடர்வது. பிறகுதான் வார்டு.

பிப்ரவரி 11

இதைப் படித்துவிட்டுக் கேப் டவுனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியானால் மருந்தே வேண்டாமா என்று. நேற்று கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. மருந்து வேண்டும், மூன்று போதும். டாக்ஸோருபிசின், வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின். ஒவ்வொன்றும் ஒரு பாடத்தைச் சுமந்துகொண்டு வருகிறது.

டாக்ஸோருபிசின் சிவப்பு, ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைக் கெடுக்கும். ஸ்கில்ஸ் லேபில் உணவுச் சாயம் கலந்த தண்ணீரைப் பொம்மைக் கையில் ஏற்றுவோம், கேனுலாவை (மருந்து ஏற்றும் ஊசிக்குழலை) வேண்டுமென்றே ரத்தக்குழாய்க்கு வெளியே வைத்திருப்பேன். பொம்மைத் தோலுக்கு அடியில் சிவப்பு மெதுவாகப் பரவும். "எரிகிறது சிஸ்டர்" என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து முனகுவேன் (நடிப்பு வராது, பிள்ளைகள் சிரிப்பார்கள்). பத்தில் எட்டுப் பேரின் கை உடனே கேனுலாவைப் பிடுங்கப் போகும். பிடுங்கக் கூடாது. முதலில் மருந்தை நிறுத்து, கேனுலாவை அப்படியே விட்டு அதன் வழியாகவே உள்ளே நிற்பதைச் சிரிஞ்சில் இழு, ஆளைக் கூப்பிடு, பரவிய இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வரை, நேரம் எழுது. டாக்ஸோருபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டினுக்கு வெது ஒத்தடம். மாற்றி வைத்தால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். வின்கிறிஸ்டினுக்கு ஐஸ் வைத்தால் சேதம் கூடும் என்று சொன்னதும் எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளை கீமோ ஏற்றக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி டியூட்டியில் பயிற்சி பெற்ற சிஸ்டர் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் நோயாளி பக்கத்தில் நிற்பது இவள்தானே.

வின்கிறிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் போனால் உயிர் போகும், அதனால்தான் அதைச் சிரிஞ்சில் தராமல் சின்னப் பையில் கலந்து தரச் சொல்கிறார்கள். சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகம், வாந்தி. எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்ற சார்ட்டை யாரும் மதிப்பதில்லை, அதை மதிக்க வைக்க இந்த ஒரு மருந்து போதும்.

பிப்ரவரி 11, பிறகு

ஒன்று விட்டுப்போனது. கீமோ முடிந்து 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றுக்கும் கையுறை. வீட்டில் துணி துவைக்கிற மகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வெளியே கழிப்பறைக் குழி உள்ள வீடுகளில் மூடியை மூடி இரண்டு தடவை ஃபிளஷ் செய்யுங்கள் என்று அச்சடித்த தாளை நீட்டினால் அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பிப்ரவரி 13

எச்ஐவி பற்றி யாராவது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன், ஆரம்பித்துவிட்டார்கள். "ஏற்கெனவே எச்ஐவி, டிபி என்று பாடம் வழிகிறது, இதில் கேன்சருக்கு இடம் ஏது?"

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. 2004இல் அரசு ஆஸ்பத்திரிகளில் ஏஆர்வி (எச்ஐவிக்கான மாத்திரை) வந்தது, 2010இலிருந்து நர்ஸ்களே அதை ஆரம்பித்துக் கொடுக்கிறார்கள். அதற்குள் நம் நர்சிங் படிப்பு எவ்வளவு மாறியது! கெட்ட செய்தி சொல்வது, ரகசியம் காப்பது, குடும்பத்தை எப்படிச் சேர்ப்பது, மாத்திரையை ஒரு நாளும் விடாமல் எடுக்க வைப்பது, எல்லாம் முதல் வருடத்திலிருந்தே பிள்ளைகளுக்குக் கை வந்துவிடுகிறது. அதே பிள்ளை கேன்சர் நோயாளி முன்னால் போனதும் வாயடைத்து நிற்கிறாள். தெரிந்த வேலைதான் இது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அதுதான் காரணம்.

தவிர, நோயும் தனித்தனியாக வருவதில்லை. எச்ஐவி உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. இந்த நாட்டில் 2000இல் வந்த விதிப்படி அரசு கிளினிக்கில் முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) இலவசம். எச்ஐவி உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது, தெரிந்த உடனே ஒன்று, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஏஆர்வி வரிசையில் மாதாமாதம் வந்து நிற்கும் பெண்ணிடம் கடைசியாக எப்போது ஸ்மியர் எடுத்தாய் என்று கேட்பது கேன்சர் பாடமா, எச்ஐவி பாடமா? எனக்குத் தெரியாது, இரண்டு பரீட்சையிலும் கேட்கிறேன்.

எச்ஐவியோடு சேர்ந்து வரும் இன்னொரு கேன்சரான கப்போசி சார்கோமாவும் அப்படித்தான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பார் என்கிறேன். ஊதா நிறத்தில் ஒரு திட்டு. வலிக்காது, அதனால் நோயாளி சொல்லவும் மாட்டார்.

டிபி இன்னும் மோசம். கழுத்தில் கட்டி, இரவில் வியர்வை, எடைக் குறைவு என்றால் இங்கே எல்லோர் வாயிலும் முதலில் வருவது டிபிதான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். மாத்திரை ஆரம்பித்தும் கட்டி கரையவில்லை, இன்னும் பெரிதாகிறது என்றால் லிம்போமாவாக (நிணநீர்க் கேன்சராக) இருக்கலாம், ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல் என்று டாக்டரிடம் போய்க் கேட்கிற தைரியம் ஒரு நர்ஸுக்கு வேண்டும்.

பிப்ரவரி 13, மறுபடி

பெனோனியிலிருந்து ஒரு அண்ணன், தடுப்பூசியை மறந்துவிட்டாயா என்கிறார். மறக்கவில்லை. 2014இல் அரசுப் பள்ளி நாலாம் வகுப்புச் சிறுமிகளுக்கு எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) ஊசி ஆரம்பித்தது, பிறகு ஐந்தாம் வகுப்புக்கு மாற்றினார்கள். நம் முதலாண்டுப் பெண்களில் சிலர் சின்ன வயதில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள். எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஸ்கூலில் வரிசையில் நிற்க வைத்துப் போட்டார்கள் மேம்."

பிப்ரவரி 16

தைப்பூசக் கதை ஒன்று சொல்கிறேன், நீளும். வேண்டாதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவலாம்.

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பெரியவர், பெருங்குடல் கேன்சர், அறுவை முடிந்து கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், கூடவே கேப்பசிடபின் மாத்திரை, பதினான்கு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு. என் மாணவி ஒருத்தி, ஜூலுப் பெண், அவருக்குப் போர்வை மாற்றும்போது உள்ளங்காலைப் பார்த்திருக்கிறாள். சிவந்து, குதிகால் ஓரத்தில் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. கேப்பசிடபினுக்கு அது வரும், கைகால் தோல் எரியும், உரியும். எதற்காவது செருப்பில்லாமல் நடக்கிறீர்களா என்று கேட்டாள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நேர்ந்துகொண்டாராம், தைப்பூசத்துக்குக் காவடி, நாக்கிலும் கன்னத்திலும் அலகு, முதுகில் கொக்கி. இப்போதிருந்தே வெறுங்காலில் நடந்து பழகுகிறார். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று.

ஜனவரி பிப்ரவரி டர்பன் வெயிலில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும், சின்ன வயதிலிருந்து ரோட்டோரம் நின்று காவடி ஊர்வலம் பார்த்தவள். போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. தேதியைக் கேட்டாள். சார்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் நாள் எண்ணினாள். ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது கீமோவுக்குப் பின் ஏழிலிருந்து பதினான்காம் நாளுக்குள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன், தைப்பூசம் நட்ட நடுவில் விழுந்தது. வெள்ளை அணு இல்லாத நேரத்தில் அலகு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்த நேரத்தில் கொக்கி. அதை அவரிடமே காட்டி, இதை டாக்டரிடம் நான் சொல்லலாமா என்று அனுமதி கேட்டாள். எனக்கு இதில் பிடித்தது அந்த அனுமதிதான்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ரத்தம் பார்த்தார்கள். பெரியவர் பூசாரியிடம் பேசினார். அலகும் கொக்கியும் மகனுக்குப் போயின, பெரியவர் கோயில் வளாகத்துக்குள் மட்டும் சின்னக் காவடியோடு, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு சுற்றினார். சாக்ஸோடு காவடி எடுப்பது சரியா என்று இங்கே சண்டை ஆரம்பிக்காதீர்கள், அது பூசாரிக்கும் முருகனுக்கும் இடையில்.

நோயாளி மதிப்பீட்டுப் படிவத்தில் "கலாச்சார நம்பிக்கைகள்" என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அதில் "இந்து, மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். இவள் ஒரு தாள் முழுக்க எழுதி ஒட்டியிருந்தாள். படிவத்தை மீறிவிட்டாள் என்று வெளித்தேர்வாளர் மார்க் குறைத்தார். நான் சண்டை போட்டேன், பாதி மார்க் திரும்பி வந்தது.

பிப்ரவரி 17

புரட்டாசி விரதத்தையும் சேர்த்துக்கொள் என்று ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா நினைவுபடுத்துகிறார். ஆமாம். மாதம் முழுக்க மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை, கீமோவில் நாக்கில் ருசியும் இல்லை, வெறும் ரசம் சோற்றோடு எடை இறங்கும். விரதத்தை விடச் சொல்லவே தேவையில்லை, பீன்ஸ் கறி, பருப்பு, தயிர், கடலை என்று நம் வீட்டிலேயே புரதம் இருக்கிறது. இதை டயட்டீஷியனுக்கும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 18

வார்டு பயம். படிப்பை விடுகிறேன் என்ற அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நாளே கீமோ அறையில் கொண்டுபோய் நிறுத்தாதே. அங்கே அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, சுவரோரம் நின்று மொட்டைத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயம் அங்கேதான் பிறக்கிறது. கைக்கு வேலை கொடு. நான் வாய்ப்புண் பராமரிப்பில் ஆரம்பிக்கிறேன். வகுப்பிலேயே ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, எல்லோரும் கொப்பளிக்க வேண்டும், நானும்தான். முகத்தைச் சுளிப்பார்கள். மறுநாள் வார்டில் அதையே நோயாளியின் கையில் கொடுக்கும்போது சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கும்: "ருசி மோசம் ஆன்ட்டி, நேற்று நானும் கொப்பளித்துப் பார்த்தேன்." ஆன்ட்டி சிரித்தால் அன்றைய பாடம் முடிந்தது. கடையில் விற்கும் மவுத்வாஷ் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், எரியும், வேண்டாம் என்பதும் அப்படியே போகிற போக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று. வட்டமாக உட்காரவைத்து உங்கள் வீட்டில் யாருக்காவது கேன்சர் வந்திருக்கிறதா, பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பாட்டி வளர்த்த பிள்ளைகள், எத்தனை பேர் வீட்டில் சனிக்கிழமை சாவுச் சடங்கு நடந்திருக்கிறது. வார்டு நேரம் முடிந்ததும் அரை மணி நேரம் டீ வைத்து உட்கார், பேசுகிறவள் பேசட்டும், பேசாதவள் பிஸ்கட் சாப்பிடட்டும்.

பிப்ரவரி 20

மார்ஃபின், கேன்சர் வலிக்குக் கொடுக்கும் மருந்து. இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்கு, மீதி எல்லாம் குறைந்தாலும் பரவாயில்லை.

பிள்ளைகள் தலையில் இருப்பது ஒன்றுதான்: மார்ஃபின் கொடுத்தால் செத்துவிடுவார். அதைச் சொல்லிக்கொடுத்ததே வார்டில் இருக்கும் மூத்த சிஸ்டர்கள்தான், குறை சொல்ல முடியாது, அவர்கள் பார்த்த காலத்தில் கடைசி நாளில்தான் அந்தப் பாட்டில் வெளியே வரும், அதனால் மருந்தின் மேல் பழி விழுந்தது. உலக சுகாதார நிறுவனம் வலிக்கு மூன்று படி ஏணி (லேசான மருந்தில் ஆரம்பித்து, வலி கூடினால் மார்ஃபின் வரை ஏறுவது) போட்டுக் கொடுத்தது 1986இல். அதற்கும் முன்னால், 1967இல், லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் (கடைசிக் கட்ட நோயாளிகளுக்கான இல்லம்) ஆரம்பித்த சிசிலி சாண்டர்ஸ் டாக்டராவதற்கு முன் நர்ஸாக இருந்தவர், வலி வந்த பிறகு கொடுக்காதே, நேரம் பார்த்துக் கொடு என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. பிள்ளைகளுக்கு அந்த "நர்ஸாக இருந்தவர்" என்ற இடத்தில் முதுகு நிமிரும்.

சிரப் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே மலமிளக்கி, முதல் நாளிலிருந்தே. மலச்சிக்கல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நோயாளி வலியையே தேவலை என்று மார்ஃபினை நிறுத்திவிடுவார். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு போய்விடும்.

உகாண்டாவில் பயிற்சி பெற்ற நர்ஸ் 2004இலிருந்து மார்ஃபின் எழுதிக் கொடுக்கிறார். இங்கே அது ஆறாம் அட்டவணை (கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியல்), டாக்டர் எழுத வேண்டும், முப்பது நாளுக்கு மேல் தர முடியாது, ரிப்பீட் கிடையாது. கிளினிக் நர்ஸுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது: இருபத்தைந்தாம் நாள் காலண்டரில் வட்டம் போட்டு அந்த வீட்டுக்குப் போன் அடிப்பது. வெள்ளிக்கிழமை மதியம் பாட்டில் காலியானால் திங்கள் வரை அந்த மனுஷன் என்ன பாடு படுவார் என்று யோசிக்கச் சொல்கிறேன்.

பிப்ரவரி 21

"அம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்று குடும்பம் கேட்டால் மாணவி என்ன செய்வது? நம் சனங்களில் இது ரொம்ப உண்டு. மகன்கள் மூன்று பேர் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று, கேன்சர் என்ற பேச்சே உள்ளே வரக் கூடாது என்பார்கள்.

நோயாளியின் உரிமை, சொல்லியே ஆக வேண்டும் என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். உரிமை என்பது சரி. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மாணவிக்கு நான் வைத்திருப்பது இரண்டே விதி: பொய் சொல்லாதே, நீயாக முந்திக்கொண்டு சொல்லவும் செய்யாதே. "டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் ஆன்ட்டி?" என்று கேள், பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார். பெரும்பாலும் ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஆன்ட்டி, "பிள்ளைகளுக்குத் தெரியாது கண்ணு, நீ சொல்லிவிடாதே" என்றார்.

பிப்ரவரி 24

பரீட்சைக்கு என்ன கேட்பது என்று கேட்டிருந்தாய். முடி கொட்டுவதற்கு நர்சிங் பராமரிப்பு எழுதுக என்று மட்டும் கேட்காதே.

நான் செய்முறைத் தேர்வில் ஒரு போன் வைக்கிறேன். ஞாயிறு மாலை, கிராமத்துக் கிளினிக், கீமோ முடிந்து பத்தாம் நாள் (வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும் நேரம்), நோயாளிக்குக் காய்ச்சல் 38.4, நடுக்கம், மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார் என்கிறார் மகன். பாராசிட்டமால் கொடுத்துத் திங்கள் வரச் சொன்னால் தோல்வி. போனை எடுத்து டாக்டரிடம் நாலு வாக்கியத்தில் சொல்ல வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் என்ற பேச்சு அவள் வாயிலிருந்து வர வேண்டும், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க வேண்டும். மறுமுனையில் சலித்துக்கொள்ளும் டாக்டராக நானே பேசுவேன், இந்த நடிப்பு எனக்கு நன்றாக வரும்.

இரண்டாவது போன்: மார்பகக் கேன்சர் வந்து சிகிச்சை முடித்த பெண், ஒரு வாரமாக முதுகுவலி, இன்று காலிலிருந்து செருப்பு நழுவுகிறது, காலையிலிருந்து சிறுநீர் வரவில்லை. தண்டுவடம் நசுங்குகிறது, நடக்கிற கால் படுத்துவிடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். வலி மாத்திரை கொடுத்து அனுப்புகிற பிள்ளைக்கு மறுதேர்வு.

முழுத் தாளையும் மதிப்பெண் திட்டத்தோடு உனக்குத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். இங்கே போட மாட்டேன், இந்த வருட வகுப்பில் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி இதைப் படிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.